கண் காட்டும், கை செல்லும்

இதழை ஒரு நிமிடம் மேசைமேல் வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். வலக்கையைப் பக்கவாட்டில் முழுவதும் நீட்டுங்கள். பிறகு கையை மடக்கி, ஆள்காட்டி விரலால் மூக்கின் நுனியைத் தொடுங்கள். பெரும்பாலும் சரியாகத் தொட்டிருப்பீர்கள். தவறியிருந்தாலும் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் தவறியிருக்காது.

இப்போது இன்னொரு சோதனை. ஒரு தாளில் சிறு புள்ளி ஒன்றை வைத்து, அதனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்களை மூடி, பென்சில் முனையால் அப்புள்ளியைத் தொட முயலுங்கள். பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் விழுந்த குறிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து சராசரி காணுங்கள். கண்களைத் திறந்துகொண்டு மேலும் பத்து முறை செய்யுங்கள். இரண்டு சராசரிகளையும் ஒப்பிட்டால், கண் திறந்திருந்தபோது பிழை பல மடங்கு குறைந்திருப்பதைக் காண்பீர்கள்.

இந்த இரு சோதனைகளும் நம் முன் ஒரு கேள்வியை வைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டே மூக்கைத் தொட முடிகிறது என்றால், கை இருக்கும் இடத்தை அறியக் கண் தேவையில்லை என்று ஆகிறது. ஆனால் புள்ளியைத் தொடும்போது கண்ணின் உதவி நன்றாகவே தெரிகிறது. அப்படியானால், நம் உடலை நாமே பார்ப்பது நம் அசைவுகளுக்கு எவ்வகையில் உதவுகிறது? இக்கட்டுரையில் ஆராயப்போவது இதைத்தான்.

ஆறாவது புலன்

மெய், வாய், கண், மூக்கு, செவி எனப் புலன்கள் ஐந்து என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டபோது இவற்றுள் எது உங்கள் கையின் இருப்பிடத்தை அறிவித்தது? கை காற்றில் இருந்தபோது எதையும் தொடவில்லை. எனவே தொடு உணர்வு மட்டும் அதற்கு விடையாகாது. விடை தசைகளுக்குள் இருக்கிறது.

நம் தசைகளுக்குள் நூல் நூற்கும் கதிர் போன்ற வடிவில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணுறுப்புகள் உள்ளன. இவற்றைத் தசைக்கதிர்கள் என்பர். தசை நீளும்போது இக்கதிர்களும் நீளும். அவற்றைச் சுற்றியுள்ள நரம்பு நுனிகள், தசை எவ்வளவு நீண்டுள்ளது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற செய்தியை மின் துடிப்புகளாகத் தண்டுவடத்திற்கும் மூளைக்கும் அனுப்புகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களில் இழுவிசையை அளக்கும் நுண்ணுறுப்புகளும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு தசையிலும் ஓர் அளவுகோலும், அதன் நாணில் ஒரு வில் தராசும் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இச்செய்திகளைக் கொண்டு, முழங்கை எவ்வளவு மடங்கியுள்ளது, விரல் எங்கே இருக்கிறது என்பதை மூளை அறிகிறது. இதனை நாம் உறுப்புநிலை உணர்வு என்று அழைப்போம். இதற்குத் தனிப் பெயரிட்டு, 1906ஆம் ஆண்டில் ஒரு புலனாகவே வகைப்படுத்திக் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணுக்களின் பணிகளைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை எட்கர் ஏட்ரியனுடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

இந்தப் புலன் இடைவிடாமல் வேலை செய்கிறது. ஆயினும் நாம் அதனைக் கவனிப்பதே இல்லை. கண்ணை மூடினால் பார்வை போய்விடும். காதைப் பொத்தினால் ஓசை குறைந்துவிடும். உறுப்புநிலை உணர்வை அடைக்க எந்த மூடியும் இல்லை. எனவேதான் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம்மால் எளிதில் கற்பனை செய்ய இயலுவதில்லை.

உடலைத் தொலைத்த இளைஞர்

கற்பனை செய்ய முடியாத அந்த நிலை ஒருவருக்கு உண்மையிலேயே நேர்ந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் 1971ஆம் ஆண்டில் இறைச்சிக் கடையில் பணியாற்றிய 19 வயது இளைஞர். காய்ச்சல் போன்ற ஒரு நோய் அவரைத் தாக்கியது. நோயைத் தொடர்ந்து, கழுத்துக்குக் கீழே உள்ள தொடு உணர்வையும் உறுப்புநிலை உணர்வையும் எடுத்துச் செல்லும் பருத்த நரம்பிழைகள் அழிந்தன. வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் மெல்லிய இழைகளும், தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் இழைகளும் பழுதாகவில்லை.

அதாவது, அவருக்குப் பக்கவாதம் இல்லை. தசைகள் வலுவோடுதான் இருந்தன. ஆனால் அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கையை உயர்த்த நினைத்தால் அது எங்கோ சென்று எதிலோ மோதியது. படுத்திருக்கும்போது கை கால்கள் எங்கே கிடக்கின்றன என்பதே அவருக்குத் தெரியவில்லை. இனிச் சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை என்பதே பிறர் எதிர்பார்த்தது.

அவரைக் காப்பாற்றியது அவருடைய கண்கள். தம் உடலைப் பார்த்துக்கொண்டே, எந்தத் தசையைச் சுருக்கினால் எந்த உறுப்பு நகர்கிறது என்பதை அவர் ஒவ்வொன்றாகக் கற்றார். முதன்முறை யாருடைய உதவியும் இன்றிப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தபோது அவருக்கு மகிழ்ச்சி பொங்கியது. அந்த மகிழ்ச்சியில் கவனம் சிதறவே மீண்டும் படுக்கையில் சாய்ந்துவிட்டார்! ஓர் ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவிடாத பயிற்சியால் நிற்கவும் நடக்கவும் கற்றார். பின்னாளில் வேலைக்குச் சென்றார், கார் ஓட்டினார். ஜோனத்தன் கோல் என்ற மருத்துவர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1991ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். வாட்டர்மனின் ஒவ்வொரு நாளையும் ஒரு மாரத்தான் ஓட்டமாக அந்நூலின் தலைப்பே குறிப்பிடுகிறது.

ஆனால் இந்த வெற்றிக்கு ஓர் எல்லை உண்டு. அறையின் விளக்கு திடீரென அணைந்தால் வாட்டர்மன் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்துவிடுவார். தசைகளின் வலு ஒரு சிறிதும் குறையவில்லை. குறைந்தது ஒளி மட்டுமே. நம்மில் பலரும் மின்வெட்டின்போது முணுமுணுத்துக்கொண்டே தீப்பெட்டியைத் தேடிச் செல்வோம். அவருக்கோ அது முடியாத செயல். நம் உடலை நாம் பார்ப்பதற்கும் அசைப்பதற்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

கண் தாமதமாக வரும் தூதன்

வாட்டர்மனின் கதையைக் கேட்டதும், "பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்வதுதானே, கண் போதுமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியானால் அவர் ஏன் நம்மைப் போல் விரைவாக, களைப்பின்றி நடக்க முடியவில்லை? இங்கேதான் இயற்பியல் உள்ளே நுழைகிறது.

ஒரு 30 செ.மீ. அளவுகோலை உங்கள் நண்பர் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் சுழிக்குறி அருகே உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்திருங்கள். அவர் முன்னறிவிப்பின்றி விடுவிக்கும்போது அளவுகோலைப் பிடியுங்கள். ஏறத்தாழ 20 செ.மீ. குறியில் பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருளுக்கு,

விழும் தூரம் = ½ × புவியீர்ப்பு முடுக்கம் × நேரத்தின் வர்க்கம்.

தூரம் 0.2 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி². எனவே நேரத்தின் வர்க்கம் 0.4 ÷ 9.8 = 0.041, நேரம் சுமார் 0.2 வினாடி. கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் மூட இவ்வளவு நேரம் ஆகிறது. விழித்திரையில் ஒளி நரம்புத் துடிப்பாக மாறுவதற்கே வினாடியின் நூறில் சில பங்குகள் செலவாகின்றன.

0.2 வினாடி அற்பமான நேரம் என்று எண்ணாதீர்கள். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகரும் கை அந்நேரத்தில் 40 செ.மீ. சென்றுவிடும். மேசையின் ஓரத்திலிருந்து குவளைவரை உள்ள தூரமே அவ்வளவுதான்! அதாவது, கை தவறான திசையில் செல்கிறது என்று கண் கண்டு, மூளை திருத்தம் அனுப்புவதற்குள் அசைவே முடிந்துவிடும்.

இதனை முதன்முதலில் அளந்து காட்டியவர்களுள் அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் உட்வொர்த் முக்கியமானவர். 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தாளக்கருவியின் ஒலிக்கு ஏற்பப் பென்சிலால் ஒரே நீளமுள்ள கோடுகளை வரையச் செய்தார். மெதுவாக வரைந்தபோது, கண் திறந்திருந்தவர்களின் பிழை மிகக் குறைவு. வேகம் கூடக்கூட அந்த நன்மை தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு கோட்டிற்கு அரை வினாடிக்கும் குறைவான நேரமே கிடைத்தபோது, கண் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றாகிவிட்டன!

1968ஆம் ஆண்டில் ஸ்டீவன் கீலி, மைக்கேல் போஸ்னர் என்னும் இருவர் இதனை இன்னும் நுட்பமாக அளந்தனர். கை நகரத் தொடங்கியவுடன் சில முறை விளக்கை அணைத்துவிட்டனர். அசைவு சுமார் 0.19 வினாடியில் முடிந்தபோது விளக்கு அணைந்ததால் இழப்பு ஏதும் இல்லை, 0.26 வினாடி நீடித்த அசைவுகளில் விளக்கு எரிந்தபோது துல்லியம் கூடியது. பிற்காலச் சோதனைகளில், பழகிய சூழ்நிலைகளில் இத்தாமதம் 0.1 முதல் 0.15 வினாடி வரை குறையக்கூடும் என்றும் தெரிந்தது. ஆயினும் தாமதம் என்பது எப்போதும் உண்டு.

உறுப்புநிலை உணர்வின் செய்தி இதைவிட விரைவானது. அதைத் தாங்கிச் செல்லும் பருத்த நரம்பிழைகளில் துடிப்பு வினாடிக்கு 50 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. மேலும், சில திருத்தங்களை மூளையைக் கேட்காமல் தண்டுவடமே செய்துவிடுகிறது. இந்த விரைவுத் தபால் வாட்டர்மனுக்கு இல்லை. தாமதமாக வரும் தூதனை மட்டுமே நம்பி அவர் உடலை நடத்த வேண்டியிருந்தது. அதனால்தான் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே திட்டமிட்டு, கவனம் சிதறாமல் செய்தார்.

புறப்படும் முன் ஒரு பார்வை

கண்ணின் செய்தி தாமதமானது என்றால், விரைவான அசைவுகளில் உடலைப் பார்ப்பதால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அப்பயன் வேறொரு இடத்தில் இருக்கிறது.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் குளோட் பிரப்லாங்கும் அவருடைய தோழர்களும் 1979ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். இலக்கு ஒன்றை விரலால் சுட்டும்போது கை கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டது. ஒரு பிரிவில், அசைவு தொடங்கும் முன்னரும் கையைப் பார்க்க இயலாது; மற்றொன்றில், தொடங்கும் முன் மட்டும் பார்க்கலாம். இரண்டிலும் கை நகரும்போது பார்வை இல்லை. ஆயினும் முன்னதாகக் கையைப் பார்த்தபோது இலக்கு இன்னும் துல்லியமாக எட்டப்பட்டது!

இதன் பொருள் என்ன? எறிகணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏவிய பிறகு அதனைத் திருத்த முடியாது. எனவே, ஏவும் முன் இலக்கு எங்கே என்று அறிவதோடு, ஏவுமிடம் எங்கே என்பதையும் சரியாக அறிந்திருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் குறி தவறும். மூளைக்கும் அப்படியே. கை இப்போது எங்கே இருக்கிறது என்பதை ஒரு முறை கண்ணால் சரிபார்த்துக்கொண்டால், அதற்குரிய கட்டளையைத் திருத்தமாக வகுத்துவிடுகிறது.

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குளோட் கெஸ் குழுவினர் 1995ஆம் ஆண்டில் இதற்கு வலுவான சான்று தந்தனர். வாட்டர்மனைப் போலவே உறுப்புநிலை உணர்வை இழந்த சிலரிடம் அவர்கள் சோதனை நடத்தினர். கையைப் பார்க்காமல் அசைத்தபோது பிழைகள் மிகப் பெரிதாக இருந்தன. அசைக்கும் முன்னர்க் கையைச் சிறிது நேரம் பார்க்க அனுமதித்ததும் பிழைகள் குறைந்தன. அந்த நன்மை நிலைத்திருக்கவில்லை. ஓரிரு நிமிடங்களில் தேய்ந்துபோனது. கண் தந்த செய்தி பழையதாகிவிட்டால் மூளையின் கணக்கும் பிசகிவிடுகிறது.

இரு சாட்சிகள், ஒரு தீர்ப்பு

கையின் இடத்தைப் பற்றி மூளைக்கு இரண்டு சாட்சிகள் உள்ளன: ஒன்று கண், மற்றொன்று தசை. இரண்டும் ஒத்த செய்தியைக் கூறினால் சிக்கலில்லை. முரண்பட்டால் மூளை யாரை நம்பும்?

இயற்பியல் ஆய்வகத்தில் ஒரே நீளத்தை இருவர் அளக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவருடைய அளவில் 1 செ.மீ. பிழை வரலாம், மற்றவருடைய அளவில் 2 செ.மீ. பிழை வரலாம். இருவருடைய அளவுகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது நியாயமாகாது. துல்லியமானவருக்கு அதிக மதிப்பு தர வேண்டும். பிழையின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் எடை தருவது முறை. இங்கே எடைகள் 4 : 1 ஆகும். முதலாமவர் 10 செ.மீ. என்றும், இரண்டாமவர் 5 செ.மீ. என்றும் கூறினால், நாம் ஏற்க வேண்டிய மதிப்பு (4 × 10 + 1 × 5) ÷ 5 = 9 செ.மீ.

மூளையும் ஏறத்தாழ இத்தகைய கணக்கையே செய்கிறது என்பது கடந்த சில பத்தாண்டுகளின் முக்கியமான கண்டுபிடிப்பு. நல்ல வெளிச்சத்தில் கண்ணின் சாட்சிக்கு எடை அதிகம். இருட்டில் அந்த எடை தசைக்கு மாறுகிறது. திசைக்குத் திசை எடை மாறுவதும் உண்டு. இடம் வலமாகக் கண்ணும், அருகு தொலைவாகத் தசையும் அதிகத் துல்லியமானவை என்பதை நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டில் காட்டினர்.

கண்ணின் சாட்சியைப் பொய்யாக்கினால் இதனை நேரடியாகக் காணலாம். 1998ஆம் ஆண்டில் மேத்யூ பாட்வினிக், ஜோனத்தன் கோகன் என்னும் இருவர் பத்துப் பேரிடம் ஒரு வேடிக்கையான சோதனை நடத்தினர். ஒருவருடைய இடக்கையைத் திரைக்குப் பின் மறைத்து, அவர் கண்ணெதிரே ரப்பர் கை ஒன்றை வைத்தனர். மறைந்த கையையும் ரப்பர் கையையும் இரு தூரிகைகளால் ஒரே நேரத்தில் வருடினர். சிறிது நேரத்தில் ரப்பர் கையே தம் கை என்று அவர்களுக்குத் தோன்றலாயிற்று! பிறகு கண்ணை மூடி, இடக்கை இருக்கும் இடத்தை வலக்கையால் காட்டச் சொன்னபோது, அவர்கள் ரப்பர் கை இருந்த பக்கமாகவே விலகிக் காட்டினர். கண் சொன்ன பொய், கையின் அசைவையும் திசை திருப்பிவிட்டது.

கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்

சாட்சிகளின் சண்டையை நீங்களே அனுபவித்துப் பார்க்கலாம். ஒரு தாளில் பெரிய ஐந்துமுனை நட்சத்திரம் வரையுங்கள். அதற்கு உள்ளே அரை சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு நட்சத்திரம் வரையுங்கள். தாளுக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். உங்கள் கையும் தாளும் நேரடியாகத் தெரியாதபடி ஓர் அட்டையை இடையில் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் இடையே பென்சிலை ஓட்டுங்கள்.

பக்கக் கோடுகளில் எளிதாகச் செல்வீர்கள். முனையில் திரும்பும்போது பென்சில் அப்படியே நின்றுவிடும், அல்லது எதிர்த்திசையில் ஓடும்! காரணத்தை ஒளியியல் சொல்லும். சமதள ஆடி, அதன் பரப்பிற்குச் செங்குத்தான திசையை மட்டும் திருப்பிக் காட்டுகிறது. பென்சில் உங்களைவிட்டு விலகிச் சென்றால், பிம்பம் உங்களை நோக்கி வருவதுபோல் தெரியும். இட வலத் திசையில் மாற்றம் இல்லை. எனவே கண் ஒன்று சொல்கிறது. தசை வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே கை தத்தளிக்கிறது.

இப்போது ஒரு புதிர். உறுப்புநிலை உணர்வை இழந்த ஒருவர் இந்நட்சத்திரத்தை வரைந்தால் என்ன ஆகும்? நம்மைவிட மோசமாக வரைவார் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கனடா நாட்டில் நடந்து 1992ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு வேறுவிதமாகச் சொல்லிற்று. அவ்வுணர்வை இழந்த பெண்மணி ஒருவர் முதல் முயற்சியிலேயே தடுமாற்றமின்றி வரைந்துவிட்டார்! சிந்தித்தால் விடை எளிது. அவரிடம் இருப்பது ஒரே சாட்சி. எதிர்த்துப் பேச இரண்டாவது சாட்சி இல்லாதபோது வழக்கு எங்கிருந்து வரும்?

தவறிலிருந்து கற்கும் மூளை

சண்டை நீடிப்பதில்லை. நட்சத்திரத்தைப் பத்து முறை வரைந்தால் நேரமும் பிழையும் குறைவதைக் காண்பீர்கள். மூளை புதிய தொடர்பைக் கற்றுக்கொள்கிறது.

இதனை முதலில் சோதித்த பெருமக்களுள் ஒருவர் இயற்பியலில் ஆற்றல் அழியாமை விதிக்காக நாம் அறிந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும் முப்பட்டகங்களை அவர் அணிந்துகொண்டு பொருள்களைத் தொட முயன்றார். முதலில் கை தவறியது. தம் கையைப் பார்த்தபடியே சிறிது நேரம் பொருள்களைக் கையாண்டதும் பிழை மறைந்தது. முப்பட்டகத்தைக் கழற்றியபோது கை எதிர்ப்பக்கமாகத் தவறியது! கண்ணுக்கும் கைக்கும் இடையிலான கணக்கையே மூளை திருத்தி எழுதியிருக்கிறது என்பதற்கு இந்த எதிர்ப்பிழையே சான்று.

அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் இன்னும் துணிச்சலானவர். 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்சுக் குழாயை ஒரு கண்ணில் பொருத்தி, மறு கண்ணை மூடிக்கொண்டு எட்டு நாட்கள் வாழ்ந்தார். முதல் நாட்களில் எந்தப் பொருளை எடுக்கப்போனாலும் கை தவறான பக்கம் சென்றது. நாளடைவில் அசைவுகள் இயல்பாயின.

இக்கற்றலில் பெரும் பங்கு பிடரிப் பக்கத்தில் உள்ள சிறுமூளையுடையது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 1996ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. முப்பட்டகக் கண்ணாடி அணிந்து களிமண் உருண்டைகளை இலக்கில் எறியச் சொன்னார்கள். நலமுடையோர் சில எறிகளிலேயே திருத்திக்கொண்டனர். சிறுமூளையில் பாதிப்பு உடையவர்களில் பலரால் அது இயலவில்லை. அவர்களும் தம் பிழையைக் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் பார்த்த பிழையைப் பாடமாக மாற்றும் உறுப்பு பழுதாகியிருந்தது.

கண்ணாடி தரும் சிகிச்சை

கண்ணின் சாட்சிக்கு இத்தனை வலு இருப்பதால், அதனை நோயாளிகளின் நன்மைக்குப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. இதில் முன்னோடி தமிழ்நாட்டில் 1951ஆம் ஆண்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன். கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த அவர், கையை இழந்த பிறகும் அக்கை இருப்பதாகவே உணர்ந்து, அதில் வலியால் துன்பப்பட்டவர்களை ஆராய்ந்தார். சிலருக்கு அந்த 'இல்லாத கை' இறுக மூடிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும், திறக்க முடியாது.

அவர் செய்த கருவி மிக எளியது: நடுவில் கண்ணாடி நிறுத்திய ஒரு பெட்டி. நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நோயாளி இரு கைகளையும் திறப்பதாக எண்ணி நல்ல கையைத் திறக்கும்போது, இழந்த கையும் திறப்பதைக் கண் காண்கிறது. சிலருக்கு இறுக்கம் அக்கணமே தளர்ந்தது. இம்முடிவுகள் 1995, 1996 ஆண்டுகளில் வெளியாயின.

1999ஆம் ஆண்டில் இதே முறையைப் பக்கவாதத்தால் கை வலுவிழந்த ஒன்பது பேரிடம் பயன்படுத்திப் பார்த்தனர். இன்று இது உலகின் பல மருத்துவமனைகளில் இயன்முறைப் பயிற்சியின் ஒரு பகுதி. 62 ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு, இம்முறை மற்றப் பயிற்சிகளோடு சேரும்போது கை கால் அசைவுகள் ஓரளவு மேம்படுகின்றன என்று கூறுகிறது. எனவே கண்ணாடியை மந்திரக்கோல் என்று கருதக்கூடாது. பயிற்சிக்கு அது ஒரு துணை.

வீட்டில் ஒரு சிறு விளக்கு

முதுமையிலும், நெடுநாள் நீரிழிவு நோயிலும் கால்களின் உணர்வு நரம்புகள் நலிவடைவதுண்டு. அத்தகையோருக்குத் தசையின் சாட்சி மங்கிவிடுகிறது. தம்மை அறியாமலே கண்ணை அதிகம் நம்பி நடக்கிறார்கள். பகலில் எந்தக் குறையும் தெரியாது. நள்ளிரவில் எழுந்து இருட்டில் நடக்கும்போதுதான் தள்ளாட்டம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் நகர மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க் இதனை ஒரு சோதனையாகவே ஆக்கினார். நோயாளியைக் கால்களைச் சேர்த்து நிற்கச் செய்து கண்ணை மூடச் சொல்வார். உணர்வு நரம்புகள் பழுதானவர் தள்ளாடுவார். இன்றும் மருத்துவர்கள் இச்சோதனையைச் செய்கிறார்கள்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் இரவில் நடக்கும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வழியில் கிடக்கும் பொருள்களைக் காட்டுவதோடு, அவர்களுடைய கால்களையே அவர்களுக்குக் காட்டும் விளக்கு அது.

செய்து பாருங்கள்

1. 1 மீட்டர், 25 செ.மீ., 9 செ.மீ. நீளமுள்ள மூன்று தனி ஊசல்கள் செய்யுங்கள். இவற்றின் அலைவு நேரங்கள் முறையே சுமார் 2, 1, 0.6 வினாடிகள். ஊசல் ஒவ்வொரு ஓரத்தை எட்டும்போதும் நண்பர் மேசையைத் தட்டட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் 10 செ.மீ. இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளுள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பென்சிலைக் கொண்டு செல்லுங்கள். கண் திறந்தும் மூடியும் பிழைகளை அளந்து அட்டவணைப்படுத்துங்கள். உட்வொர்த் கண்ட முடிவு உங்களுக்கும் கிடைக்கிறதா?

2. சிறுகோண முப்பட்டகத்தில் திசைமாற்றக் கோணம் = (ஒளிவிலகல் எண் − 1) × முப்பட்டகக் கோணம். ஒளிவிலகல் எண் 1.5, முப்பட்டகக் கோணம் 20° எனில், 50 செ.மீ. தொலைவில் உள்ள பொருளை எடுக்கும் கை முதல் முயற்சியில் எத்தனை சென்டிமீட்டர் தவறும்? கையும் முப்பட்டகத்தின் வழியே தெரிந்து, மெதுவாக நகர்ந்தால் விடை மாறுமா? காரணம் கூறுங்கள்.

3. ஒற்றைக் காலில் எத்தனை வினாடி நிற்க முடிகிறது என்பதைக் கண் திறந்தும் மூடியும் அளவிடுங்கள். அருகில் ஒருவர் துணை நிற்கட்டும். பத்து நாள் பயிற்சிக்குப் பின் மீண்டும் அளந்து, எந்த அளவு அதிகம் மாறியது என்று பாருங்கள்.